முதன்மை என்னும் மயக்கம்

உடல் எடையைக் குறைக்க விரும்பி உடற்பயிற்சிக் கூடத்துக்குச் செல்வோர் கையில் புரதப் பொடி கலந்த பானம் இருப்பது இன்று இயல்பான காட்சி. அந்தப் பானத்தின் மீது நாம் வைத்திருக்கும் நம்பிக்கைக்கு ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டு வரலாறு உண்டு.

1838இல் டச்சு வேதியியலாளர் முல்டர் 'புரோட்டீன்' என்ற சொல்லை அச்சேற்றினார். அதைப் பரிந்துரைத்தவர் சுவீடன் நாட்டு பெர்சீலியஸ். அதன் கிரேக்க வேர்ச்சொல்லுக்கு 'முதன்மையானது' என்பது பொருள். 1842இல் ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக், தசை தன் புரதத்தையே செலவிட்டு வேலை செய்கிறது என்று எழுதினார். உழைப்பவனின் எரிபொருள் புரதமே என்ற கருத்து இவ்வாறு நிலைபெற்றது.

1865 ஆகஸ்டில் ஃபிக், விஸ்லிசேனஸ் என்ற இரு அறிஞர்கள் இதைத் தம் உடலிலேயே சோதித்தனர். புரதமில்லாத உணவை உண்டு, சுவிட்சர்லாந்தின் ஃபால்ஹார்ன் சிகரத்தில் ஏறினர். புரதம் சிதைந்தால் அதன் நைட்ரஜன் சிறுநீரில் வெளியேறும் என்பதால், தம் சிறுநீரைச் சேகரித்து அளந்தனர். சிதைந்த புரதம் தரக்கூடிய ஆற்றல் அந்த ஏற்றத்துக்குப் போதவே போதாது என்று தெரிந்தது. தசைக்கு முதன்மையான எரிபொருள் மாவுச்சத்தும் கொழுப்புமே.

ஆய்வுக்கூடத்தில் தளர்ந்த கருத்து கடைத்தெருவில் தளரவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலிலிருந்து எடுத்த 'பிளாஸ்மான்' என்ற புரதப் பொடி விற்பனைக்கு வந்தது. அதைப் பரிந்துரைத்தவர்களுள் ஒருவர் பயில்வான் யூஜீன் சாண்டோ. நம் சின்னப்பா தேவரின் பெயருக்கு முன் அடைமொழியாய் நின்ற அதே சாண்டோ. அப்போது அந்தப் பொடி வலிமையின் சின்னம். மெலிவதற்கான வழியாகப் புரதம் பெரும் அளவில் விற்கப்பட்டது பின்னாளில்தான்.

அந்தக் கதையின் இருண்ட பக்கம் அமெரிக்காவில் எழுதப்பட்டது. 1976இல் ராபர்ட் லின் என்ற மருத்துவர், உணவை அறவே விடுத்துத் திரவப் புரதத்தை மட்டும் பருகி மெலியும் முறையை ஒரு நூலில் முன்வைத்தார். அத்திரவம் மாட்டுத்தோல், தசைநாண் போன்ற கழிவுகளின் கொலாஜனிலிருந்து செய்யப்பட்டது. கொலாஜனில் உடலுக்கு இன்றியமையாத டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலம் இல்லை. நாளொன்றுக்கு 400 கலோரிக்கும் குறைவான அந்த உணவுமுறையைப் பலர் பின்பற்றினர். எடை வேகமாகக் குறைந்தது. இதயத்துடிப்பு தாறுமாறாகிச் சிலர் திடீரென மாண்டனர். இம்முறையோடு தொடர்புடையவையாகச் சுமார் 60 மரணங்கள் சொல்லப்படுகின்றன. 1977இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது.

இன்றைய பொடிகளில் பெரும்பாலானவை பாலிலிருந்து வருபவை. தரத்தில் கொலாஜனைவிடப் பன்மடங்கு மேலானவை. உணவைக் குறைத்து எடைப்பயிற்சி செய்வோருக்குப் போதிய புரதம், கொழுப்போடு தசையும் கரைந்துவிடாமல் காக்க உதவுகிறது. பசியையும் சற்று அடக்குகிறது. அதன் பணி அவ்வளவே. கொழுப்பை எரிக்கும் ஆற்றல் அதற்குக் கிடையாது. ஒரு கிராம் புரதத்திலும் 4 கலோரி இருக்கிறது. வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் பானத்தையும் சேர்த்துப் பருகினால் எடை குறையாது, கூடவும் கூடும். பருப்பும் முட்டையும் தயிரும் போதிய அளவு கிடைக்கும் இலையில் பொடிக்கு அவசியமும் இல்லை.

புரதம் உணவின் ஓர் உறுப்பு. அதை மருந்தாகவோ முழு உணவாகவோ விற்க முனைவோரிடம் ஃபால்ஹார்னையும் 1977ஐயும் நினைவூட்டலாம்.