குதிரைக்குக் கடிவாளம்: கொச்சிக் கரையிலிருந்து ஒரு காப்புப் பூட்டின் வரலாறு

1662ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டச்சுப் படை மட்டாஞ்சேரி அரண்மனையைத் தாக்கியது. கொச்சி அரசரும் அரச குடும்பத்தினர் சிலரும் அந்தச் சண்டையில் உயிரிழந்தனர்; அரசி கங்காதர லட்சுமி சிறைபிடிக்கப்பட்டார். மறு ஆண்டு ஜனவரியில் போர்த்துகீசியரின் கொச்சிக் கோட்டை டச்சுக்காரரிடம் வீழ்ந்தது. போர்த்துகீசியர் 1555 வாக்கில் அரசருக்குக் கட்டிக்கொடுத்த அந்த அரண்மனை, பின்னர் டச்சுக்காரர் செப்பனிட்டதால் 'டச்சு அரண்மனை' என்றே இன்றும் பெயர் பெற்றிருக்கிறது. இராமாயணச் சுவரோவியங்களைக் காண வருவோர் அங்கே உறையிட்ட வாள்களையும் குத்துவாள்களையும் இறகு சூட்டிய சடங்கு ஈட்டிகளையும் பார்த்துச் செல்கின்றனர்.

வாளுக்கு உறை உண்டு. உறையில் இருக்கும் வாள் யாரையும் வெட்டாது. உருவிய வாள் வெட்டும். இரண்டு நிலைகளுக்கும் இடையே ஐயத்துக்கு இடமில்லை. துப்பாக்கிக்கு அத்தகைய உறை வாய்க்கவில்லை. மருந்தும் குண்டும் இட்ட துப்பாக்கி, ஏந்தியவன் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் எந்நேரமும் வெடிக்கக்கூடியது. இந்தக் குறையை ஈடுசெய்ய எழுந்த உறுப்பே இன்று 'சேஃப்டி' என்று எங்கும் வழங்கும் காப்புப் பூட்டு. சிறிய கைத்துப்பாக்கிகளில் பெருவிரலால் தள்ளவேண்டிய இந்தப் பூட்டு அளவுக்கு மீறி இறுக்கமாக இருக்கிறது என்பது நெடுங்காலமாக ஒலித்துவரும் முறையீடு. அந்த இறுக்கத்தின் காரணம் உற்பத்திக் குறைபாடு மட்டுமன்று. வெடிக்கக்கூடாத வேளையில் வெடித்துவிடுமோ என்ற அச்சமும், வெடிக்கவேண்டிய வேளையில் வெடிக்காமல் போய்விடுமோ என்ற அச்சமும் ஒரே இரும்புத் துண்டில் மோதிக்கொண்டதன் தடம் அது.

கொச்சிக் கரைக்கு வந்த முதல் கைத்துப்பாக்கிகள் திரித் துப்பாக்கிகள். 1503இல் போர்த்துகீசியர் இந்திய மண்ணில் தம் முதல் கோட்டையைக் கொச்சியில் எழுப்பினர். அக்காலத் துப்பாக்கியில் வெடியுப்பில் ஊறவைத்த திரி கனன்றுகொண்டே இருக்கும். குழலின் பக்கத்திலிருந்த சிறு கிண்ணத்தில், ரஞ்சகம் எனப்படும் பற்றவைக்கும் மருந்து இருக்கும். திரியைப் பிடித்திருக்கும் வளைந்த இரும்புக்கை கிண்ணத்தின்மேல் இறங்கினால் வேட்டு. அந்தக் கையின் வளைவைக் கண்ட ஐரோப்பியர் அதற்குப் பாம்பின் பெயரை வைத்தனர்.

நெருப்பும் மருந்தும் ஒரு சாண் இடைவெளியில் ஒருங்கே இருக்கும் கருவி அது. அதற்கு வாய்த்த முதல் காப்பு ரஞ்சகக் கிண்ணத்தின் மூடி. வீரன் அதைக் கையால் விலக்கிய பின்னரே துப்பாக்கி சுடத் தயாராகும். மழையும் காற்றும் ஓயாத மலையாளக் கரையில் அந்த மூடி மருந்தை ஈரத்திலிருந்தும் காத்தது. ஒரே உறுப்பு வீரனையும் காத்தது, வேட்டையும் காத்தது. 1543இல் போர்த்துகீசியர் வழியாக ஜப்பானின் தனெகஷிமா தீவுக்குத் துப்பாக்கி சென்றது. அங்கே இந்த மூடிக்கு 'ஹிபுத்தா', அதாவது நெருப்பு மூடி, என்று பெயர். போரைத் தொடங்குவதைக் குறிக்க ஜப்பானியர் இன்றும் 'ஹிபுத்தாவைத் திறத்தல்' என்ற பொருள்படும் தொடரையே ஆள்கின்றனர். ஒரு காப்புப் பூட்டை விலக்கும் சிறு அசைவு ஒரு மொழியில் போருக்கே பெயராகிவிட்டது.

திரித் துப்பாக்கியின் பொறியமைப்பு இருவகைப்பட்டது. உள்நாட்டுத் துப்பாக்கிகள் பெரும்பாலானவற்றில் விசையை அழுத்த அழுத்தத் திரி மெல்ல இறங்கும். விரலைத் தளர்த்தினால் மேலேறிவிடும். மனம் மாறுவதற்கு அதில் இடமிருந்தது. இந்தோ-போர்த்துகீசியத் துப்பாக்கிகளிலும், அவற்றோடு உறவுடைய இலங்கை, மலாய், ஜப்பானியத் துப்பாக்கிகளிலும் இரும்புக்கை வில்லின் இழுவிசையில் நிறுத்தப்பட்டிருக்கும். விசையைத் தொட்டதும் சட்டென்று பாயும். வேகமும் குறியும் கூடின. மனம் மாறும் இடைவெளி மறைந்தது. வில் பொறிக்குள் நுழைந்த அன்றே அதைக் கட்டிவைக்கும் தேவையும் பிறந்தது.

பாயும் அந்த உறுப்புக்கு மொழிகள் இட்ட பெயர்கள் கருதத்தக்கவை. சக்கிமுக்கிக் கல் திரியின் இடத்தைப் பிடித்தபோது, கல்லைக் கவ்வியிருந்த உறுப்பை டச்சுக்காரர் 'ஹான்' என்றனர். சேவல் என்பது பொருள். ஆங்கிலேயரும் செருமானியரும் சேவலென்றே அழைத்தனர். போர்த்துகீசியருக்கு அது 'காவ்ங்', பிரெஞ்சுக்காரருக்கு 'ஷியான்'. இரண்டும் நாயைக் குறிப்பவை. தமிழில் அது குதிரை. துப்பாக்கியின் உறுப்பைக் குறிக்கும் இப்பொருளைத் தமிழ்ப் பேரகராதியும் பதிவு செய்திருக்கிறது. இந்தியிலும் அது 'கோடா', குதிரைதான். கொத்துவது, கவ்வுவது, பாய்வது என்று ஒவ்வொரு மொழிச் சமூகமும் அந்த அசைவில் தனக்குப் பழகிய விலங்கைக் கண்டது. எல்லாருக்கும் அது உயிருள்ள, அடக்கவேண்டிய ஒன்றாகவே தோன்றியிருக்கிறது.

இச்சொற்களும் கப்பலேறிப் பயணம் செய்தன. 'கொத்தும் சேவல்' என்ற கருத்தில் அமைந்த 'ஸ்னாப்ஹான்' என்ற டச்சுச் சொல் மலாய் மொழியில் 'செனாப்பாங்' ஆகி, இன்றும் துப்பாக்கிக்குப் பொதுப்பெயராக நிற்கிறது. தமிழ் அதைக் கொள்ளவில்லை. துருக்கிய மூலத்திலிருந்து வந்த 'துப்பாக்கி' அதற்குள் இங்கே வேரூன்றியிருந்தது. போர்த்துகீசியரிடமிருந்து தமிழ் பெற்ற சொற்களில் பல வீடு சார்ந்தவை: ஜன்னல், அலமாரி, மேசை, சாவி. கதவைப் பூட்டித் திறக்கும் கருவிக்குச் சொல் வந்தது. துப்பாக்கியின் காப்புக்குச் சொல் வரவில்லை. பொறியின் பாயும் பகுதியைக் குதிரையென்று பெயரிட்ட தமிழ், அக்குதிரையின் கடிவாளத்துக்குப் பெயரிடும் தேவையை நெடுங்காலம் உணரவில்லை.

தேவை எழாமைக்குக் காரணம் உண்டு. நீண்ட துப்பாக்கியில் கடிவாளம் பொறிக்குள்ளேயே இருந்தது. சக்கிமுக்கித் துப்பாக்கியின் குதிரையைப் பாதியளவு பின்னே இழுத்தால் ஆழமான ஒரு பள்ளத்தில் விழுந்து நிற்கும். அப்போது விசையை அழுத்தினாலும் விடுபடாது. முழுதும் இழுத்தால்தான் சுடும் நிலை. 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பியத் துப்பாக்கிகள் சிலவற்றில் குதிரையைப் பின்னாலிருந்து பற்றும் வெளிக்கொக்கியும் இருந்தது. ஆனால் பள்ளத்தின் விளிம்பு தேய்ந்தால் பாதி நிலையிலேயே வெடித்துவிடும். காப்பின் இறுக்கத்தைக் குறைக்க அரத்தால் தேய்ப்பது எத்தகைய இடரைத் தரும் என்பதைத் துப்பாக்கிக் கொல்லர்கள் அன்றே அறிந்திருந்தனர்.

துப்பாக்கி சட்டைப்பைக்குள் நுழைந்தபோது நிலைமை மாறியது. நீண்ட துப்பாக்கியின் வாய் எதிரியை நோக்கியிருக்கும். பையிலுள்ள கைத்துப்பாக்கியின் வாய் பெரும்பாலும் அதை வைத்திருப்பவனின் தொடையை நோக்கியிருக்கும். 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயப் பைத்துப்பாக்கிகள் சிலவற்றில் விசைக்காப்பு வளையத்தையே முன்னே தள்ளிக் குதிரையைப் பூட்டிவிடும் ஏற்பாடு இருந்தது. எதிரியைக் கொல்லும் கருவியிலிருந்து உடையவனைக் காக்கவேண்டும் என்ற எண்ணத்தின் தெளிவான வெளிப்பாடு அது.

இந்தியாவில் இந்தக் கட்டம் வேறொரு அரசியலோடு பின்னிக்கொண்டது. பாளையக்காரர் போருக்குப் பின் 1801 டிசம்பரில் சென்னை அரசு வெளியிட்ட அறிக்கை தென்பாளையங்களின் ஆயுதங்களைக் களைய முற்பட்டது. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் பிரித்தானிய இந்தியாவில் இந்தியர் உரிமமின்றி ஆயுதம் வைத்திருப்பதைத் தடுத்தது. ஐரோப்பியருக்கு அதில் விலக்கு இருந்தது. எனவே கைத்துப்பாக்கி பல இந்தியரின் கைக்கு வந்தபோது அது உடுப்புக்குள் ஒளித்து வைக்கவேண்டிய கடத்தல் பொருளாகவே வந்தது. 1909இல் இலண்டனிலிருந்து சாவர்க்கர் ஒரு பெட்டியின் பொய்யடித்தட்டில் மறைத்து அனுப்பியவை 20 பிரௌனிங் கைத்துப்பாக்கிகள். அவ்வாண்டு டிசம்பர் 21இல் நாசிக்கில் கலெக்டர் ஜாக்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். 1911 ஜூன் 17இல் மணியாச்சி ரயில் சந்திப்பில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனின் கையிலிருந்ததும் பெல்ஜியத் தயாரிப்பான பிரௌனிங்தான். அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த செங்கோட்டையில் பிறந்து, புனலூரில் வனத்துறைப் பணியில் இருந்தவர் அவர்.

பெல்ஜியத்தின் ஹெர்ஸ்டால் நகரத் தொழிற்சாலை வெளியிட்ட 1900ஆம் ஆண்டு மாதிரி பிரௌனிங், 7.65 மி.மீ. குண்டைச் சுடும் தட்டையான, சிறிய கருவி. இடப்பக்கத்தில் ஒரு நெம்புகோல். அதன் இரு நிலைகளுக்கும் அருகே 'நெருப்பு', 'பாதுகாப்பு' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொற்கள் பொறிக்கப்பட்டிருந்தன. சுடுவதா வேண்டாமா என்ற முடிவு பெருவிரலின் ஓர் அசைவுக்கும் இரண்டு சொற்களுக்கும் அடங்கிவிட்டது. அதே தொழிற்சாலையின் 1910ஆம் ஆண்டு மாதிரியில் காப்புகள் மூன்றாயின: பெருவிரல் நெம்பு, பிடியை இறுகப் பற்றினால்தான் விடுபடும் பூட்டு, குண்டுக்கூட்டை உருவினால் விசையைத் தடுக்கும் பூட்டு. கருவி சிறுக்கச் சிறுக்கக் காப்பின் எண்ணிக்கை பெருகியது.

மணியாச்சிச் சம்பவம் நிகழ்ந்த அதே 1911இன் மார்ச் மாதம் அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்ட கோல்ட் கைத்துப்பாக்கியும் பிரௌனிங்கின் வடிவமைப்பே. அதில் பெருவிரல் பூட்டைச் சேர்க்கக் கோரியவர்கள் குதிரைப்படையினர். மிரளும் குதிரையை ஒரு கையால் அடக்கிக்கொண்டு மறுகையில் சுடத் தயாரான துப்பாக்கியை வைத்திருப்பவனுக்கு, அதை நொடியில் பூட்ட வழி வேண்டியிருந்தது. இரும்புக் குதிரைக்குக் கடிவாளம் கேட்டவர்கள் உண்மைக் குதிரையின் மேல் இருந்தவர்கள்.

இறுக்கம் பற்றிய முறையீடு தெளிவாக ஒலித்தது அடுத்த தலைமுறையில். பிரௌனிங் 1926இல் இறந்தபின் தியூதொன்னே செவ் நிறைவு செய்து 1935இல் வெளிவந்த 'ஹை-பவர்' உலகின் பல படைகளுக்குச் சென்றது. அதன் காப்பு நெம்பு மிகச் சிறியது, பெருவிரலுக்கு எளிதில் அகப்படாதது, தள்ளக் கடினமானது. இரண்டாம் உலகப்போரின்போது கனடாவின் இங்லிஸ் நிறுவனம் தயாரித்த ஹை-பவர் வடிவத்தைத் தழுவி, மேற்கு வங்கத்தின் இச்சாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை 'பிஸ்டல் ஆட்டோ 9 மி.மீ. 1ஏ'வைத் தயாரித்தது. இந்தியப் படையினரும் காவல்துறையினரும் பல்லாண்டுகள் இடுப்பில் அணிந்த அக்கருவி அந்தச் சிறு நெம்பையும் மரபாகப் பெற்றது. ஐரோப்பாவில் பின்வந்த ஹை-பவர் வடிவங்களில் நெம்பு பெரிதாக்கப்பட்டு இருபுறமும் அமைக்கப்பட்டது. முறையீட்டில் நியாயம் இருந்தது என்பதற்கு அதுவே சான்று.

நெம்பு ஏன் இறுகுகிறது? அதன் அடியில் வில்லால் உந்தப்படும் ஒரு சிறு முளை, பள்ளமொன்றில் பதிந்து நிற்கிறது. வில்லின் வலிமை, பள்ளத்தின் சரிவு, உராய்வு, நெம்பின் நீளம் ஆகியவை சேர்ந்தே பெருவிரல் செலுத்தவேண்டிய விசையைத் தீர்மானிக்கின்றன. உடுப்பில் சிக்காதிருக்க நெம்பைக் குறுக்கினால் தேவைப்படும் விசை கூடும். உறையில் உரசித் தானே விடுபடாதிருக்க வில்லை வலுப்படுத்தினால் மேலும் கூடும். கொச்சி போன்ற கடற்கரை நகரின் உப்புக்காற்றில் துருவும் பழைய எண்ணெயின் பிசுக்கும் சேர்ந்தால் இறுக்கம் இரட்டிக்கும். முதல் இரண்டு காரணங்களும் வடிவமைப்பாளரின் தேர்வு. மூன்றாவது பராமரிப்பின் குறை. இவற்றைப் பிரித்தறிவது ஆர்மரர் எனப்படும் பயிற்சி பெற்ற ஆயுதப் பணியாளரின் வேலை. சுத்தம் செய்து தீரவேண்டிய இறுக்கத்தை அரம் கொண்டு தீர்ப்பது, தேய்ந்த பள்ளத்தின் பழைய இடரையே மீண்டும் அழைப்பதாகும்.

இறுக்கத்தின் உண்மையான தீங்கு விரல் வலியன்று. ஹை-பவரை ஏந்திய பலர் அதன் நெம்பை நம்பாமல், குண்டை அறைக்குள் ஏற்றாமலே வைத்திருக்கும் வழக்கத்தைக் கைக்கொண்டனர். அது கட்டுப்பாடுள்ள படையில் ஏற்கத்தக்க வழி. ஆனால் அத்தகைய ஒழுங்கு இல்லாத இடத்தில், தள்ளக் கடினமான நெம்பைத் தள்ளாமலே விட்டுவிடும் பழக்கமும் எளிதில் படியும். அளவு மீறி இறுகிய காப்பு பயன்படாத காப்பாகிவிடுகிறது. பொறி எவ்வளவு சிறந்ததாயினும் பழக்கம் அதனைத் தோற்கடிக்கிறது.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி இச்சிக்கலுக்குக் கண்ட விடை, காப்பைப் பெருவிரலிலிருந்து மறைத்துப் பொறிக்குள் கொண்டுபோவது. 1982இல் ஆஸ்திரியப் படை ஏற்ற க்ளாக் கைத்துப்பாக்கிக்கு வெளி நெம்பே இல்லை. விசையை முறையாக அழுத்தினால் மட்டுமே உட்காப்புகள் விலகும். எனினும் 2017இல் அமெரிக்கப் படை தேர்ந்த புதிய கைத்துப்பாக்கியில் பெருவிரல் நெம்பு மீண்டும் வந்தது. ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின்னும் இரண்டு அச்சங்களில் எதுவும் மற்றதை வென்றுவிடவில்லை.

மட்டாஞ்சேரியில் சண்டையிட்ட திரித் துப்பாக்கி வீரன் கிண்ணத்தின் மூடியை விலக்கும் கணத்தில் ஒரு முடிவை எடுத்தான். இன்றைய காவலரின் பெருவிரல் எடுப்பதும் அதே முடிவுதான். அந்த முடிவுக்கு ஒரு கணம் தாமதம் தருவதே காப்பின் பணி; அத்தாமதத்தின் அளவைத்தான் இறுக்கம் என்கிறோம். குதிரைக்குப் பெயரிட்ட மொழி கடிவாளத்துக்கு 'சேஃப்டி' என்ற இரவல் சொல்லோடு நின்றுவிட்டது. பெயரில்லாத உறுப்பைப் பேணக் கற்பிப்பது கடினம். 'காப்பு' என்ற பழஞ்சொல், கையில் கட்டுவதையும் காவலையும் ஒருங்கே குறித்தபடி, அந்த இடத்துக்கு ஆயத்தமாகவே இருக்கிறது.