மல்லாட்டை என்று கேட்டால்

ஒலக்கூர், திண்டிவனம் பக்கம் வேர்க்கடலைக்குப் பேச்சுவழக்கில் மல்லாட்டை என்று பெயர். மார்க்கெட் கமிட்டிக்கு மூட்டையாகப் போகும்போது மணிலா. வேளாண் பல்கலைக்கழகத்தின் சாகுபடிக் குறிப்பிலோ அது நிலக்கடலை. மணிலாக்கொட்டை என்பது நாவில் தேய்ந்து மல்லாட்டை ஆகியிருக்கிறது. உழவர் வாயால் கேட்க, கருவி தேடிச் சொல்லும் முயற்சிகளின் வரலாற்றை இந்த ஒரு சொல்லைக் கொண்டே எடைபோடலாம் என்று கருதுகிறேன். அறிவு தொலைவில் இருந்ததில்லை. குடியாத்தம் கொத்து ரகத்திலிருந்து தேர்ந்தெடுத்த டி.எம்.வி. 2 நிலக்கடலை 1940இல் வெளிவந்தது, டி.எம்.வி. என்பதே திண்டிவனத்தைக் குறிக்கும் எழுத்துகள்தான். அந்த அறிவிடம் கேள்வி போய்ச் சேரும் வழிதான் நெடுங்காலம் அடைபட்டிருந்தது.

முதலில் வந்த குரல் ஒருவழிக் குரல். 1960களில் தஞ்சை உழவர்கள் ஆடுதுறை 27 ரகத்தை ரேடியோ நெல் என்றே அழைத்தார்கள். வானொலிக்கு அவ்வளவு செல்வாக்கு. ஆனால் வானொலியிடம் திருப்பிக் கேட்க முடியாது. 1998 முதல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்துப் புதுச்சேரி ஊர்களில் தகவல் மையங்களை நடத்தியது. வீராம்பட்டினத்து மீனவர்களுக்கு அலை உயரம் ஒலிபெருக்கியில் வந்தது. 2004இல் தொடங்கிய கிசான் அழைப்பு மையத்தில் உழவர் தொலைபேசியில் தம் மொழியில் கேட்டு, மனிதரிடம் பதில் பெற்றார். 2006 வாக்கில் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதே சுவாமிநாதன் நிறுவனத்தின் துணையோடு ‘தமிழ் மார்க்கெட்’ என்ற பேசும் கருவியை நாட்டுப்புறத் தமிழருக்காகச் செய்து பார்த்தார்கள். அதற்குத் தெரிந்த சொற்கள் சொற்பம். ஆனால் அந்தச் சொற்களை ஊர்க்காரர் குரலிலேயே பதிந்து பழக்கினார்கள். அளவில் சிறிய அந்த முயற்சி சரியான இடத்தில் தொடங்கியது என்பேன்.

அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் ‘ஜூபிடர்’ 1997இலேயே தொலைபேசியில் வானிலை சொன்னது. ஊர், நாள், வெப்பம் என்று கட்டம் கட்டமாக அடுக்கிய தகவல் அது. சாகுபடிக் குறிப்பு அப்படி அடுக்கியதல்ல, பத்தி பத்தியாக எழுதியது. ‘மல்லாட்டைக்கு ஜிப்சம் எப்பப் போடணும்?’ என்று ஒருவர் கேட்டால் விடை இரண்டு: இறவை என்றால் 40-45ஆம் நாள், மானாவாரி என்றால் ஈரத்தைப் பார்த்து 40 முதல் 75ஆம் நாளுக்குள். ஆகவே ‘இறவையா, மானாவாரியா?’ என்று கருவி திருப்பிக் கேட்க வேண்டும். அதற்கும் முன்னால் மல்லாட்டைதான் நிலக்கடலை என்று அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். 2023இல் சென்னை ஐ.ஐ.டி.யின் ஏ.ஐ.4பாரத் குழு பங்கேற்ற ‘ஜுகல்பந்தி’, வாட்ஸ்அப்பில் பேசிக் கேட்டால் அரசுத் திட்ட ஆவணங்களில் தேடிச் சொன்னது. கேள்வி ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்பும் முறை அது. ஊர்ச்சொல் முதல் படியிலேயே சறுக்கிவிட்டால் அடுத்த படிகள் எவ்வளவு கூர்மையாக இருந்தும் பயனில்லை.

படிக்கத் தெரிந்தவர்கள் பெருகிவிட்டார்களே, குரல் எதற்கு என்று கேட்கலாம். 2011 கணக்கெடுப்பில் தமிழகத்தின் எழுத்தறிவு 80 சதவீதம் என்பது உண்மை. எழுத்துக்கூட்டிப் படிப்பது வேறு, நூறு பக்கத்தில் தனக்கு வேண்டிய வரியைக் கண்டுபிடிப்பது வேறு. மனிதரே பதில் சொல்லும் மையம் போதாதா என்பது இன்னும் வலுவான மறுப்பு. திருப்பிக் கேட்பதில் அனுபவமுள்ள அலுவலரை எந்தக் கருவியும் மிஞ்சிவிட்டதாக நான் நினைக்கவில்லை. ஆனால் அவரும் குறிப்புகளில்தான் தேட வேண்டியிருக்கிறது, அந்தத் தேடலுக்கும் ஊர்ச்சொல் வேண்டும். இன்றைய பெரிய மொழி மாதிரிகள் எல்லாவற்றையும் தாமே கற்றுக்கொள்ளும் என்பாரும் உண்டு. எழுத்தில் ஏறாத சொல்லை அவை எங்கிருந்து கற்கும்? தெரியாததையும் சரளமாகச் சொல்லிவிடும் கருவியின் பேச்சை நம்பி மருந்தடித்தால், நட்டம் உழவருக்கு. ஒலக்கூர் ஒன்றியத்தின் களத்துமேடுகளில் புழங்கும் சொற்களைக் குரலோடு பதிந்து, ஒவ்வொன்றுக்கும் நேரான ஏட்டுச்சொல்லை எழுதிவைக்கும் வேலையைத் திண்டிவனத்தில் உள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையமே தொடங்க வேண்டும். அந்தச் சொற்களோடு வளர்ந்த முதியவர்கள் இருக்கும்போதே தொடங்க வேண்டும்.