லென்ஸ் உருத்திரிபும் கேமரா அளவுத்திருத்தமும்

நேர்கோடுகள் படத்தில் வளைந்து விழுவது லென்ஸ் உருத்திரிபு. இதனால் படம் மங்குவதில்லை; ஒவ்வொரு புள்ளியும் கூர்மையாகவே பதிகிறது, இடம்தான் மாறிவிடுகிறது. எவ்வளவு மாறியது என்று அளந்துவிட்டால், கணக்கிட்டு உரிய இடத்துக்கே கொண்டுவந்துவிடலாம். அந்த அளவீடே கேமரா அளவுத்திருத்தம்.

நடுவிலிருந்து விலக விலக உருப்பெருக்கம் குறைந்தால் கோடுகள் வெளிப்பக்கம் புடைக்கும். இது பீப்பாய்த் திரிபு. உருப்பெருக்கம் கூடினால் உட்பக்கம் குழியும். இது ஊசிமெத்தைத் திரிபு. ஒளித்துளை லென்ஸுக்கு முன்னால் இருந்தால் முதல் வகையும் பின்னால் இருந்தால் இரண்டாம் வகையும் நேரும். துளையின் இருபுறமும் ஒத்த லென்ஸ்களை வைத்தால் ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும். 1866-இல் லண்டனில் டால்மேயரும் மியூனிக்கில் ஸ்டைன்ஹைலும் தனித்தனியே இந்த அமைப்பில் லென்ஸ் செய்தார்கள். கட்டடங்களைப் படமெடுத்தவர்களுக்கு அது பெரும் வரமாக அமைந்தது.

அகலக் கோணப் படத்தின் ஓரத்தில் நிற்பவரின் முகம் இழுபட்டுத் தெரிவது வேறு. அது தட்டையான பரப்பில் காட்சியை வீழ்த்துவதால் வருவது. குறையே இல்லாத லென்ஸிலும் வரும்.

அளவீட்டு முறைகளில் மிக அழகானது, அமெரிக்கரான டுவேன் பிரவுன் 1971-இல் விளக்கிய தூக்குநூல் முறை. எடை கட்டிய நூல்களை வரிசையாகத் தொங்கவிட்டுப் படமெடுக்க வேண்டும். பிறகு கேமராவை 90 பாகை திருப்பி மீண்டும் எடுக்க வேண்டும். நூல் நேராகத் தொங்குவதைப் புவியீர்ப்பே பார்த்துக்கொள்கிறது. ஆகவே படத்தில் தெரியும் வளைவு முழுவதும் லென்ஸுடையது. தூரம் எதையும் அளக்கத் தேவையில்லை. லென்ஸுக்குள் இருக்கும் கண்ணாடிகள் ஒரே அச்சில் பொருந்தாததால் வரும் திரிபையும் இந்தக் கணக்கு பிடித்துவிடும். அத்திரிபை 1919-இலேயே ஆராய்ந்தவர் கான்ரடி. இன்றைய மென்பொருள்கள் கையாளும் சமன்பாடுகள் பிரவுன்–கான்ரடி மாதிரி எனப்படுகின்றன.

தூக்குநூல் குவியத்தூரத்தைச் சொல்லாது. 2000-இல் ஷெங்யோ ஷாங் வெளியிட்ட சதுரங்கக் கட்ட முறை அதையும் சேர்த்தே தருகிறது. அச்சிட்ட கட்டத்தாளைக் கண்ணாடி போன்ற தட்டையான பலகையில் ஒட்டி, பல சாய்வுகளில் படமெடுத்தால் போதும். பலகையை நேருக்குநேர் மட்டுமே வைத்து எடுத்தால், குவியத்தூரம் எது, பலகையின் தொலைவு எது என்று கணக்கால் பிரிக்க முடியாது. தாள் புடைத்திருந்தால் அந்தப் புடைப்பும் லென்ஸின் கணக்கில் ஏறிவிடும். திரிபு மிகுவது ஓரங்களில் என்பதால், சில படங்களிலாவது கட்டம் படத்தின் மூலைவரை எட்ட வேண்டும்.

கிடைத்த எண்கள் அளந்த நிலைக்கு மட்டுமே பொருந்தும். ஜூமை நகர்த்தினாலோ குவியத்தை மாற்றினாலோ மறுபடி அளக்க வேண்டும். அதனால்தான் நில அளவைக்குப் படமெடுப்போர் குவியம் மாறாத லென்ஸையே விரும்புகிறார்கள்.