தனிமை யாருடைய ஆக்கம்? யேகர்ஸ்டேட்டரின் மறுப்பும் லின்ஸ் மறைமாவட்டமும்

ஹிட்லரின் படையில் போரிட மறுத்ததற்காக 1943 ஆகஸ்ட் 9 அன்று பிராண்டன்பர்க் சிறையில் தலை துண்டிக்கப்பட்ட ஆஸ்திரிய விவசாயி பிரான்ஸ் யேகர்ஸ்டேட்டரை வெளியுலகுக்கு அறிமுகம் செய்தவர் கார்டன் ஸான் என்ற அமெரிக்க சமூகவியலாளர். 1964இல் வெளிவந்த அவரது நூல், தலைப்பிலேயே யேகர்ஸ்டேட்டரைத் தனித்து நின்ற சாட்சியாகக் காட்டியது. 2019இல் டெரன்ஸ் மாலிக் எடுத்த திரைப்படத்திலும் இதே சித்திரம்தான்: மலையடிவார ஊர், பேசாத மனிதர், உள்ளுக்குள் எரியும் மனச்சாட்சி. இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் தனிமையை அவரது இயல்பாகக் கொண்டுவிட்டால், அதை உண்டாக்கியவர்கள் விசாரணையிலிருந்து தப்பிவிடுகிறார்கள். அவரது மறுப்பு சமயத்தின் பொதுச் சொத்திலிருந்தே எழுந்தது என்றும், தனிமை பிறர் அவர்மீது சுமத்தியது என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது.

அவர் வாய் திறக்காதவர் அல்லர். ஆஸ்திரியா ஜெர்மனியுடன் இணைந்ததை உறுதிசெய்ய 1938 ஏப்ரல் 10 அன்று நடந்த வாக்கெடுப்பில், சாங்க்ட் ராடெகுண்ட் ஊரில் எதிர்த்து விழுந்த ஒரே வாக்கு அவருடையது. ஊரார் மேலிடத்துக்கு அறிவித்த கணக்கில் அந்த வாக்கு இல்லை. முழு ஆதரவு என்றே எழுதியனுப்பினார்கள். அவர் சொன்னதை இல்லாமல் ஆக்கும் வேலை அன்றே தொடங்கிவிட்டது.

மறுப்பு ஒரே நாளில் முளைத்ததும் அன்று. 1940இல் படைக்கு அழைக்கப்பட்டபோது அவர் உறுதிமொழி எடுத்தார். அக்டோபர் முதல் அடுத்த ஏப்ரல் வரை பயிற்சியும் பெற்றார். அந்த டிசம்பரில் என்ஸ் நகரில் புனித பிரான்சிஸ்குவின் மூன்றாம் சபையில் சேர்ந்தார். ஊர் திரும்பியதும் கோயில்பிள்ளையாகப் பணிசெய்தார். அடுத்த அழைப்பு வரும்வரையிலான இந்த இடைவெளியில்தான் அவரது எழுத்துகள் பெருகின. போல்ஷெவிசத்தை ஒழிப்பதாகச் சொல்லி நடக்கும் போர் உண்மையில் ரஷ்ய மக்களின் நிலத்துக்கும் எண்ணெய்க்குமான போர் அல்லவா என்று கேட்டார். சொற்பப் பள்ளிப்படிப்பே உள்ள ஒருவர் ஆட்சியின் பரப்புரையை அதன் நோக்கத்தைக் கொண்டே பிரித்துப் பார்த்ததை வெறும் பக்திப் பரவசம் என்று ஒதுக்க முடியாது.

இந்தக் கேள்வியோடு லின்ஸ் ஆயர் யோசெப் பிளீசரைச் சந்தித்தபோது அவருக்குக் கிடைத்த பதில் நம் வாதத்துக்கு மையமானது. அரசு தொடுக்கும் போர் நீதியானதா என்பதற்குக் குடிமகன் பொறுப்பாளி அல்லன்; உன் பொறுப்பு உன் குடும்பம் என்பது அதன் சாரம். ஆளும் அதிகாரத்துக்குப் பணியச் சொல்லும் உரோமையர் திருமுகத்தின் 13ஆம் அதிகாரத்தை அக்காலத் திருச்சபையினர் பலர் இப்படித்தான் படித்தார்கள். யேகர்ஸ்டேட்டர் புதிய இறையியல் எதையும் கொண்டு வரவில்லை. கொலையும் கொள்ளையும் பாவம் என்று ஞாயிறுதோறும் கோவிலில் கேட்டதை அவர் போர்க்களத்துக்கும் பொருத்தினார்; தான் செய்யும் செயலின் பழியைத் தலைவன் கணக்கில் எழுத முடியாது என்றார். ஆகவே இங்கே மோதியவை மனச்சாட்சியும் திருச்சபையும் அல்ல. ஒரே போதனையின் இரண்டு வாசிப்புகள் மோதின. அவற்றுள் எளியவரின் வாசிப்பே கறாரானது. ஆயர் தம்மைக் காட்டிக்கொடுத்துக்கொள்ள அஞ்சினார் என்றே யேகர்ஸ்டேட்டர் கருதியதாக அவர் மனைவி பிரான்சிஸ்கா பின்னாளில் நினைவுகூர்ந்தார். ஆட்சியின் உளவாளியோ என்ற ஐயம் ஆயருக்கு இருந்திருந்தால் வியப்பில்லை. அதைக் கணக்கில் கொண்டாலும் அந்த அறிவுரையின் விளைவு மாறிவிடவில்லை.

தனிமை அவர்மீது சுமத்தப்பட்டது என்பது யெகோவாவின் சாட்சிகளுடன் ஒப்பிட்டால் தெளிவாகும். படைப்பணியை மறுத்து அவர்களில் இருநூறுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அவர்கள் துணிவுக்குப் பின்னால் சபை முழுவதும் நின்றது. மறுத்தவனை வீட்டார்கூடச் சரி என்றார்கள். கத்தோலிக்க விவசாயிக்கு ஊரும், குருக்களும், ஆயரும் எதிர்த்திசையில் பேசினார்கள். தன்னைப்போல் ஒருவரும் இல்லை என்று நினைத்திருந்த அவருக்கு, உறுதிமொழியை மறுத்த பிரான்ஸ் ரைனிஷ் என்ற குருவும் 1942 ஆகஸ்டில் அதே பிராண்டன்பர்க்கில் கொல்லப்பட்ட செய்தியை பெர்லின் டேகல் சிறையின் ஆன்ம குரு சொன்னார். அது அவருக்குப் பெரும் ஆறுதலாயிற்று. தனிமை விரும்பிக்கு அந்தச் செய்தி எதற்கு?

அவருக்குத் துணையே இல்லாமலும் போகவில்லை. எர்னா புட்ஸின் 1985ஆம் ஆண்டு வாழ்க்கை வரலாறும், அதன்பின் அவர் பதிப்பித்த கடிதங்களும் பிரான்சிஸ்காவை மையத்துக்குக் கொண்டுவந்தன. முதலில் கணவரின் மனத்தை மாற்ற முயன்ற அவர், எல்லாரும் எதிர்த்த பிறகு தானாவது உடன் நிற்க வேண்டும் என்று முடிவெடுத்தார். பண்ணை வேலை, மூன்று சிறு பெண் குழந்தைகள், கணவர் விட்டுச்சென்ற கோயில்பிள்ளைப் பணி அனைத்தும் அவர் தோளில் விழுந்தன. ஊரார் பழித்தது அவரைத்தான். ஸான் நூலில் அவருக்குக் கிடைத்த இடம் போதாது என்பது என் கருத்து.

1943 மார்ச்சில் மறுப்பை அறிவித்தபோதும் யேகர்ஸ்டேட்டர் மருத்துவப் பிரிவில் பணியாற்ற முன்வந்தார். ஜூலை 6 அன்று, படைவலிமையைச் சிதைத்ததாக நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. போர் முடிந்தபின் நடந்தவற்றில் நாஜிகளுக்குப் பங்கில்லை. 1946இல் அவரைப் பற்றிய கட்டுரை மறைமாவட்ட இதழில் வெளிவராமல் பிளீசரே தடுத்தார். கடமை என்று நம்பிப் போரிட்டு மாண்ட கத்தோலிக்க இளைஞர்களையும் குருமாணவர்களையுமே பெரிய வீரர்கள் என்றார். தம் பழைய அறிவுரையைக் காத்துக்கொள்ள ஆயருக்கு இந்த வரிசைமுறை தேவைப்பட்டது. போர்வீரரின் கைம்பெண்ணுக்குரிய உதவித்தொகையை பிரான்சிஸ்கா 1950 வரை பெற முடியவில்லை.

1997இல் பெர்லின் நீதிமன்றம் தீர்ப்பை ரத்துசெய்தது. 2007 அக்டோபர் 26 அன்று, முன்பு அவரை மறைத்த அதே லின்ஸ் மறைமாவட்டத்தின் பேராலயத்தில், 94 வயது பிரான்சிஸ்காவின் முன்னிலையில், அவருக்கு மறைச்சாட்சியாக அருளாளர் பட்டம் வழங்கப்பட்டது. பட்டத்தை மறைமாவட்டத்தின் தன்திருத்தமாகக் கொள்ளலாம்; ஆனால் அவரது தனிமையைப் புகழ்ந்து எழுதும் ஆய்வுகள் 1946ஆம் ஆண்டுத் தடையை அடிக்குறிப்பில் ஒதுக்கும்வரை அந்தத் திருத்தம் அரைகுறையே.