மாடு எதனால் செத்தது?



மறைந்த முன்னோடிகளைப் போற்றுவதோடு நினைவுப் பொழிவு நின்றுவிடக் கூடாது, அவர்கள் விட்டுச்சென்ற கேள்விகளில் ஒன்றையாவது ஓரடி முன்னே நகர்த்த வேண்டும் என்று நாம் நம்புகிறோம். இவ்வாண்டு நாம் எடுத்துக்கொண்ட கேள்வி, கால்நடை மருத்துவம் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் சவக்கூராய்வுக் கூடத்தில் எதிர்கொள்ளும் கேள்விதான்: இந்த மாடு எதனால் செத்தது? இது வெறும் மருத்துவக் கேள்வியாகத் தோன்றும். ஆனால், இதற்குச் சரியான விடை தெரியாத காலங்களில் அந்த விடையின் இடத்தில் நம் மக்களே நிறுத்தப்பட்டார்கள். அந்த வரலாற்றைத்தான் இங்கே சுருக்கமாகச் சொல்ல முயல்கிறோம்.

முதலில், கல்லூரியில் என்ன கற்பிக்கப்படுகிறது என்று பார்ப்போம். செத்த மாட்டின் முன் நிற்கும் மாணவர் உடனே கத்தியை எடுப்பதில்லை. மாடு நேற்று மேய்ந்ததா, அக்கம்பக்கத்தில் வேறு மாடுகள் விழுந்தனவா, எந்தப் புறம்போக்கில் மேய்ந்தது என்று கேட்க வேண்டும். வயிறு மிக விரைவாக ஊதியிருக்கிறதா, உடல் முழுதாக விறைக்காமல் இருக்கிறதா, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருஞ்சிவப்பு இரத்தம் வடிகிறதா என்று பார்க்க வேண்டும். இவை இருந்தால் அடைப்பான் என்று ஐயப்பட வேண்டும்; உடலைத் திறக்கவே கூடாது. காது நரம்பிலிருந்து ஒரு துளி இரத்தம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்தால் போதும். திறந்தால் கிருமி காற்றுப்பட்டு வித்துகளாக மாறும். அவ்வித்துகள் மண்ணில் பல பத்தாண்டுகள் சாகாமல் கிடக்கும்.

இந்தப் பாடத்தைப் படிக்கும்போது நமக்குத் தோன்றும் முதல் எண்ணம் இது: பாடநூல் எழுதப்படுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே செத்த மாட்டைத் திறந்து பார்த்தவர்கள் யார்? தமிழகத்தில் பறையரும் அருந்ததியரும், வடநாட்டில் சமார்களும், மராட்டியத்தில் மகர்களும் அந்த வேலையை ஊர்க் கட்டாயமாகச் செய்தார்கள். நோயில்லாத மாட்டின் ஈரல் எப்படி இருக்கும், நோயில் செத்ததன் மண்ணீரல் எப்படி வீங்கிக் கறுத்துக் குழைந்திருக்கும் என்பதைக் கையால் தொட்டு அறியும் வாய்ப்பு ஊரில் அவர்களுக்கு மட்டுமே இருந்தது. பூசை செய்தவருக்கும் பால் கறந்தவருக்கும் மாட்டின் வெளிப்புறம்தான் தெரியும். வெக்கை, அடைப்பான், தொண்டை அடைப்பான், சப்பை நோய், கோமாரி என்ற பெயர்கள் எந்தக் கல்லூரியும் சூட்டியவை அல்ல. ஊரில் வழங்கிய பெயர்களைத்தான் அரசுத் துண்டறிக்கைகள் இன்றும் பயன்படுத்துகின்றன. பின்தொடையில் கை வைத்து அழுத்தினால் காற்றுக்குமிழ்கள் நறநறக்கும் நோய்க்குச் சப்பை என்று பெயரிட்டவர்கள், நோய் எங்கே உட்காருகிறது என்று தெரிந்துதான் பெயரிட்டார்கள். ஆனால் அறிவைப் பதிவு செய்யும் எழுத்து அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது. கத்தி ஒரு கையிலும் எழுதுகோல் வேறொரு கையிலும் இருந்த சமூகத்தில், கத்தி பிடித்தவரின் அறிவு அறிவாகக் கணக்கிடப்படவில்லை.

ஐரோப்பாவிலும் கால்நடை மருத்துவக் கல்வி ஒரு பெருஞ்சாவிலிருந்தே பிறந்தது. 18ஆம் நூற்றாண்டு முழுவதும் வெக்கை நோய் அங்கே மாடுகளை அழித்தது. 1761இல் பிரான்சின் லியோன் நகரில் குளோட் பூர்ழெலா உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளிக்கு அனுமதி பெற்றார். லண்டனில் 1791இல் கல்லூரி எழுந்தது. 1865–66இல் இங்கிலாந்தை வெக்கை தாக்கியபோது ஆள்வோர் கலங்கினார்கள். 1866இல் சென்னை மாகாணத்தில் மாட்டு நோய்ச் சட்டம் வந்தது. பிறகு ஹாலன் தலைமையில் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டு, இந்தியாவின் மாட்டுக் கொள்ளைநோய்கள் பற்றிய அதன் அறிக்கை 1871இல் வெளிவந்தது.

அதே 1871ஆம் ஆண்டில்தான் குற்றப் பழங்குடிகள் சட்டமும் இயற்றப்பட்டது. ஒரு பக்கம் நோயை விசாரிக்கும் அரசு, மறு பக்கம் பிறப்பையே குற்றமாகப் பதிவு செய்யும் அரசு. இவ்விரண்டுக்கும் நடுவில் வடநாட்டுச் சமார்கள் சிக்கினார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தோலின் ஏற்றுமதி பெருகி, அதன் விலையும் உயர்ந்தது. அதுவரை ஊருக்கு அருவருப்பாக இருந்த செத்த மாட்டின் தோல் காசு தரும் பொருளானது. உடனே காவல்துறைக் கோப்புகளில் ஒரு புதிய குற்றவாளி தோன்றினான்: தோலுக்காக மாட்டுக்கு நஞ்சு வைக்கும் சமார். பாஷாணம் கலந்த தீனியைக் கொடுத்தார்கள் என்றும், குன்றிமணியை அரைத்து ஊசிபோல் உருட்டி வெயிலில் காயவைத்து மாட்டின் தோலுக்கடியில் குத்தினார்கள் என்றும் வழக்குகள் பதிவாயின. 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டம் 429ஆம் பிரிவில் மாட்டைக் கொல்வதற்கும் நஞ்சிடுவதற்கும் ஐந்தாண்டு வரை சிறை விதித்திருந்தது.

நஞ்சு வைத்தவர் எவருமே இல்லை என்று நாம் வாதாடவில்லை. குன்றிமணி ஊசி கற்பனையும் அன்று. நாம் கேட்பது வேறு. ஒரு சிலரின் செயல் ஒரு சாதியின் இயல்பாக எழுதப்பட்டது எப்படி? இங்கேதான் கால்நடை நோயறிதல் நம் வரலாற்றுக்குள் வருகிறது. பாஷாணம் தின்ற மாட்டுக்கு வயிற்று வலி வரும், இரத்தம் கலந்து கழியும், தள்ளாடி விழும். திறந்து பார்த்தால் நாலாம் வயிற்றின் உட்சுவர் செக்கச்செவேலென்று புண்பட்டிருக்கும். வெக்கை கண்ட மாடும் கழிந்து கழிந்தே சாகும். அதன் வயிறும் குடலும் சிவந்து புண்படும். அடைப்பானில் மாலை நன்றாக நின்ற மாடு காலையில் செத்துக் கிடக்கும். பயிற்சி பெற்ற மருத்துவர் வேறுபாடுகளைத் தேடுவார்: வெக்கைக்குக் காய்ச்சல் முன்னே வரும், வாயில் தவிடு தூவியதுபோல் புண்கள் காணும், கண்ணும் மூக்கும் ஒழுகும், பெருங்குடலில் வரிக்குதிரைக் கோடுகள் போன்ற சிவப்பு வரிகள் தெரியும், எல்லாவற்றுக்கும் மேலாக அடுத்தடுத்த மாடுகளுக்குப் பரவும். பாஷாணத்துக்கு வேதியியல் சோதனை வேண்டும். இவ்வளவும் செய்யாமல் நோயையும் நஞ்சையும் பிரித்தறிய முடியாது.

அன்றைய கிராமங்களில் இவற்றைச் செய்ய யார் இருந்தார்கள்? இந்தியாவின் தொடக்ககாலக் கால்நடை மருத்துவர்கள் பெரும்பாலும் படைக் குதிரைகளுக்கானவர்கள். லாகூரில் கால்நடைப் பள்ளி 1882இல்தான் வந்தது. பம்பாய்க் கல்லூரி 1886இல். ஆகவே மாடு செத்தது என்றால், அருகில் கிடைத்த சான்று ஒன்றே: அதன் தோலை உரித்தவன். செத்த மாட்டைத் தூக்க வேண்டும் என்று கட்டளையிட்டதும் ஊர். தூக்கினாயே, நீதான் கொன்றாய் என்றதும் ஊர். நோய்க்குப் பெயர் தெரியாதபோது பழிக்குப் பெயர் கிடைத்துவிட்டது.

இதற்குப் பிறகு ஆய்வுக்கூடங்கள் வந்தன. 1876இல் ராபர்ட் காக் அடைப்பான் கிருமியின் வாழ்க்கைச் சுழற்சியை நிறுவினார். 1880இல் பஞ்சாபில் கிரிஃபித் எவான்ஸ் குதிரைகளையும் ஒட்டகங்களையும் கொன்ற சர்ரா நோயின் காரணியை இரத்தத்தில் கண்டார். 1889இல் புனாவில் தொடங்கிய ஏகாதிபத்திய நுண்ணுயிரியல் ஆய்வுக்கூடம் 1893இல் குமாவுன் மலையிலுள்ள முக்தேசுவருக்குச் சென்றது. நம் மக்களின் குற்றத்துக்குச் சான்றாகக் காட்டப்பட்ட குன்றிமணியும் ஆய்வுக்கூடத்துக்குப் போனது. 1884இல் கல்கத்தாவில் வார்டன், வாடல் இருவரும் அதன் நஞ்சு கிருமியால் வருவதன்று, விதையிலுள்ள புரதமே என்று காட்டினர். 1891இல் ஜெர்மனியில் பால் எர்லிக் அந்த நஞ்சைச் சிறிது சிறிதாக எலிகளுக்குக் கொடுத்து, உடல் குறிப்பிட்ட நஞ்சுக்குக் குறிப்பிட்ட எதிர்ப்பை உண்டாக்கிக்கொள்கிறது என்று விளக்கினார். நோய் எதிர்ப்பியல் என்னும் துறையின் அடித்தளக் கற்களில் அதுவும் ஒன்று. 1911இல் ஆஸ்கோலி கண்ட சோதனையால் உரித்துக் காயவைத்த தோலிலிருந்தே அந்த மாடு அடைப்பானில் செத்ததா என்று கூற முடிந்தது. தோலே சாட்சி சொல்லும் காலம் வந்தது. ஆனால் அதற்கு முன் தண்டிக்கப்பட்டவர்களின் வழக்குகளை யாரும் திரும்ப எடுக்கவில்லை.

தமிழகத்துக்கு வருவோம். சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் தொடங்கியது. பின்னர் வேப்பேரியில் நிலைபெற்றது. 1936இல் சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்து, இந்தியாவிலேயே முதன்முதலாகக் கால்நடை மருத்துவப் பட்டம் வழங்கும் கல்லூரியானது. 1932இல் தொடங்கிய நோய்த்தடுப்பு மருந்து நிலையம் இன்று இராணிப்பேட்டையில் இருக்கிறது. தோல் பதனிடும் தொழிற்சாலைகளும் மாட்டுத் தடுப்பூசியும் ஒரே ஊரில் இருப்பது நமக்குத் தற்செயலாகத் தெரியவில்லை. மாட்டைச் சுற்றியே நம் வட ஆற்காட்டின் உழைப்பும் நோயும் அறிவும் பின்னிக் கிடக்கின்றன. 1954இல் தேசிய வெக்கை ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. இந்தியாவின் கடைசி வெக்கைத் தாக்குதல் 1995இல் இதே வட ஆற்காட்டுப் பகுதியில் பதிவானது. 2011இல் உலகமே வெக்கையிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. மனிதர் ஒழித்த நோய்கள் இரண்டே இரண்டு: பெரியம்மையும் வெக்கையும்.

அடைப்பான் ஒழியவில்லை. அது மாட்டோடு நிற்பதும் இல்லை. செத்த மாட்டை அறுத்தவரின் கையில் வலியில்லாத கொப்புளமாகத் தோன்றி நடுவில் கரியாகக் கறுக்கும். சிலருக்கு மூளைக்கும் ஏறும். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் சுற்றுவட்டாரத்தில் கண்ட இத்தகைய நோயாளிகளைப் பற்றிப் பல ஆண்டுகளாக எழுதி வந்திருக்கிறார்கள். செத்த மாட்டைத் திறக்காதே, ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதை என்கிறது பாடநூல். சரியான அறிவுரைதான். ஆனால் தோலும் கறியும்தான் கூலி என்று பழக்கிவைத்த ஊரில், புதைப்பவருக்குக் கூலி யார் தருவது என்பதைப் பாடநூல் சொல்வதில்லை. நோய்த்தடுப்பு அங்கேதான் தோற்கிறது.

செத்த மாட்டைத் தூக்கும் வேலையை விட்டொழிக்கும்படி அண்ணல் அம்பேத்கர் 1920களிலிருந்தே மக்களை வற்புறுத்தினார். 1948இல் வெளிவந்த தீண்டப்படாதோர் பற்றிய நூலில், செத்த மாட்டின் இறைச்சியை உண்டதற்கும் தீண்டாமைக்கும் உள்ள உறவை ஆராய்ந்தார். வேலையை மறுப்பதும் அந்த வேலையில் விளைந்த அறிவை உரிமை கோருவதும் ஒன்றுக்கொன்று முரண் என்று நம்மில் சிலர் கருதுகிறார்கள். நாம் அப்படிக் கருதவில்லை. கட்டாயத்தைத் தூக்கி எறியலாம். கட்டாயத்தின் நடுவிலும் நம் முன்னோர் கற்றதை எறிய வேண்டியதில்லை. அதை எறிந்தால், கல்லூரிக்குள் நுழையும் நம் பிள்ளை அந்தக் கூடத்தில் தன்னை அந்நியனாகவே உணர்வான்.

பழைய பழி முடிந்துவிட்டதென்றும் எண்ண முடியவில்லை. 2002 அக்டோபரில் ஹரியானாவின் ஜஜ்ஜர் அருகே துலினாவில், பசுவைக் கொன்றார்கள் என்ற வதந்தியால் ஐந்து தலித்துகள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனா அருகே செத்த பசுவை உரித்த இளைஞர்கள் கட்டிவைத்து அடிக்கப்பட்டார்கள். அதன்பின் குஜராத் தலித்துகள் செத்த மாடுகளை அரசு அலுவலக வாசலில் கொண்டுபோய்ப் போட்டார்கள், தூக்க மறுத்தார்கள். எதனால் செத்தது என்ற கேள்விக்கு அறிவியல் விடை வைத்திருக்கும் நாட்டில், யார் செய்தது என்றே இன்னும் கேட்கிறார்கள். விடையையும் கேட்குமுன்பே வைத்திருக்கிறார்கள்.

ஆகவே இம்மன்றத்தின் முன் நாம் வைப்பவை மூன்று. ஒன்று: தோல் உரித்த முதியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள், எந்த நோயை எந்த உறுப்பில் கண்டார்கள் என்பதை அவர்கள் சொல்லிலேயே எழுதி வைப்போம். இரண்டு: நஞ்சு வழக்குகளின் காலனியக் கோப்புகளை நம் ஆய்வு மாணவர்கள், கால்நடை மருத்துவம் படித்த நம் பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு, நோய்க்குறிகளோடு ஒப்பிட்டு மீண்டும் படிக்க வேண்டும். மூன்று: ஊரில் மாடு செத்தால் கால்நடை மருத்துவரின் சான்று வரும்வரை எவரும் அதைத் தொடக் கூடாது, அடக்கம் செய்யும் செலவும் கையுறையும் உள்ளாட்சியின் பொறுப்பாக வேண்டும். இம்மூன்றில் முதலாவதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை. ஒரு நோட்டும், கேட்கும் பொறுமையும் இருந்தால் இந்த மாதமே தொடங்கலாம்.