சில்லாலையில் ஒளிந்திருந்த சாமியார்

  கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

பெரிய வெள்ளி விடுமுறைக்கு முதல் நாள் தரம் 8 பிள்ளை ஒன்று கேட்டது: "சேர், அவங்கட ஆளைக் கொன்ற நாளை ஏன் அவங்க பெருநாளா வெச்சிருக்காங்க?" வகுப்பு சிரித்தது. எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்து வீதியில் தலைமுறை தலைமுறையாக வாழும் சனத்தின் நம்பிக்கை எங்கள் பிள்ளைகளுக்கு இவ்வளவுதான் தெரிந்திருக்கிறது.

தெரிந்ததைச் சொன்னோம். மனிதன் தன் பாவத்தால் இறைவனை விட்டு விலகிப் போனான், தன் முயற்சியால் மட்டும் அவனால் திரும்பி வர முடியாது, ஆகவே இறைவனே மனிதனாகி வந்து, சிலுவையில் அந்தப் பாவங்களுக்காகத் தன் உயிரைக் கொடுத்து, மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. மன்னிப்பு அவர்களுக்குச் சம்பாத்தியம் இல்லை, கொடை. வாங்கியவன் அதைப் பகைவனுக்கும் கொடுக்க வேண்டும். பெரிய வெள்ளி துக்க நாள், ஞாயிறுதான் பெருநாள். நாங்கள் ஈஸா நபியை மதிக்கிறோம், மர்யம் அலைஹிஸ்ஸலாம் பெயரில் குர்ஆனில் ஒரு அத்தியாயமே உண்டு. ஆனால் அவர் இறைவனின் மகன் என்பதையோ சிலுவையில் மரித்தார் என்பதையோ நாங்கள் ஏற்பதில்லை. அந்த வித்தியாசத்தையும் மறைக்காமல் சொன்னோம்.

பின்னேரம் ஒரு வாப்பா தொலைபேசி எடுத்தார். "நம்மட பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதுக்கு சேர்?" கோபத்தில் இல்லை, பயத்தில் கேட்டார். அவருக்குச் சொன்ன கதையைத்தான் இங்கே எழுதுகிறோம்.

1658இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தார்கள். அவர்களும் கிறிஸ்தவர்கள்தான், ஆனால் புரட்டஸ்தாந்துகள். கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தார்கள். குருமாருக்கு அடைக்கலம் கொடுத்தால் மரணதண்டனை என்று கட்டளை போட்டார்கள். ஒரே வேதத்தை வாசிப்பவர்கள்தான் இதையும் செய்தார்கள். 1670 அளவில் மாந்தையிலிருந்த மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு சனங்கள் காட்டுக்குள் ஓடினார்கள். இன்றைய மடு அப்படி உருவானதுதான்.

இந்த நிலையில் 1687இல் கோவாவிலிருந்து யோசப் வாஸ் என்ற குருவானவர் தூத்துக்குடி வழியாக இங்கே வந்து சேர்ந்தார். பிச்சைக்காரன் வேடம், வெறுங்கால். வந்த உடனேயே வயிற்றோட்டத்தில் விழுந்து சாகக் கிடந்தார். எழுந்த பிறகு கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். யாருடைய கண் அந்த மாலையில் தங்குகிறது என்று பார்த்துத்தான் தன் சனத்தைக் கண்டுபிடித்தார். பண்டத்தரிப்புக்குப் பக்கத்திலுள்ள சில்லாலை அவருக்கு மறைவிடமானது. இரவில் பூசை, விடியமுன் இடம் மாறுவது. படையும் பணமும் அவரிடம் இல்லை, பின்னால் எந்த அரசும் இல்லை. போர்த்துக்கேயர் வாளோடு கொண்டுவந்த மதத்தை இவர் வெறுங்கையோடு கொண்டுவந்தார். எங்கள் பார்வையில் பெரிய வேறுபாடு அதுதான்.

தேடுதல் இறுகியதும் 1690 அளவில் அவர் யாழ்ப்பாணத்தை விட்டுப் புத்தளத்துக்குப் போனார். அப்போது அது கண்டி அரசனின் எல்லை.

இந்த இடத்தில் வாப்பா போனில் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. எங்களுக்கும் அந்தப் பாதை தெரியும். 1990 ஒக்டோபர் 30, இரண்டு மணி நேர அவகாசம், உடுத்த உடுப்பு, பிறகு புத்தளத்து ஓலைக் கொட்டில்கள். வாப்பாவுக்கு அப்போது ஒன்பது வயது.

1692இல் கண்டிக்குப் போன வாஸ் அடிகளைப் போர்த்துக்கேய ஒற்றன் என்று சிறையில் போட்டார்கள். பிறகு அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவரை நம்பி, சுதந்திரமாக நடமாட விட்டான். இதே கண்டி அரசுதான் 1626இல் போர்த்துக்கேயர் துரத்திய முஸ்லிம்களை ஏற்றுக் கிழக்கில் குடியேற்றியது. துரத்தப்பட்டவர்களுக்குக் கதவு திறந்த பௌத்த அரசர்களைப் பற்றியும் பாடப்புத்தகம் இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லலாம்.

1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. அரசனும் வசதியுள்ளவர்களும் நகரை விட்டுப் போனார்கள். நோயாளிகளைச் சொந்தக்காரர்களே காட்டோரம் விட்டுவிட்டு ஓடினார்கள். வாஸ் அடிகளும் உறவினரான யோசப் கர்வால்யோ அடிகளும் போகவில்லை. குடிசை போட்டு, கஞ்சி கொடுத்து, புண் கழுவி, செத்தவர்களை அடக்கம் செய்தார்கள். எந்த மதம் என்று பார்க்கவில்லை. பிள்ளை கேட்ட கேள்விக்கு எங்கள் விளக்கத்தை விட இது நல்ல பதில். தனக்காக ஒருவர் உயிரைக் கொடுத்தார் என்று நம்புகிறவன் அம்மைப் புண்ணைத் தொடப் பயப்படுவதில்லை. அந்த நம்பிக்கையை ஏற்காத நாங்களும் அது மனிதனை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைப் பார்க்கலாம்.

1711 ஜனவரி 16இல் கண்டியிலேயே காலமானார். 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

அவர் பிறந்தது 1651 ஏப்ரல் 21. 2019இல் அதே ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை, கட்டுவப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் தேவாலயம். எங்கள் பெயர்களை வைத்திருந்தவர்கள்தான் செய்தார்கள். அந்த வாரம் தேவாலய வாசலைக் கடக்கும்போது எங்களுக்குத் தலை நிமிரவில்லை. கர்தினால் மெல்கம் ரஞ்சித் ஆண்டகை பழிவாங்க வேண்டாம் என்று தன் சனத்திடம் கேட்டுக்கொண்டார். பிள்ளைகளை இழந்த வீடுகளிடம் அப்படிக் கேட்பது லேசான காரியமில்லை. மே மாதம் சில ஊர்களில் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டதும் உண்மை. ஆனால் எங்கள் வீதியில் முதலில் கதவைத் தட்டி "பயப்படாதேங்கோ" என்று சொன்னது ஒரு வேதக்கார அம்மாதான்.

அடுத்த தவணையில் ஒரு சனிக்கிழமை தரம் 8 பிள்ளைகளைச் சில்லாலைக்குக் கூட்டிப்போக அனுமதி கேட்டிருக்கிறோம். வாப்பாவும் வருகிறாராம். லுஹருக்கு முன் திரும்பிவிட வேண்டும் என்பது அவருடைய ஒரே நிபந்தனை.