உல்லாசக் கப்பல் உணவு முறை

உல்லாசக் கப்பல் உணவு முறை என்பது, பல நாள்கள் நீடிக்கும் கடற் சுற்றுலாவில் பயணிகளுக்கு உணவு வழங்கப்படும் ஒழுங்கினைக் குறிக்கும். பெரும்பாலான கப்பல்களில் அடிப்படை உணவின் விலை பயணக் கட்டணத்திலேயே அடங்கியுள்ளது. எனினும் எந்த வேளையில், எந்தக் கூடத்தில் உண்பது என்பதும், எவற்றுக்குத் தனியே பணம் செலுத்த வேண்டும் என்பதும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். இவற்றுட் பல முன்பதிவின்போதே முடிவாகின்றன.

வரலாறு

குளிர்பதன வசதி இல்லாத காலத்தில், அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்த நீராவிக் கப்பல்கள் உயிருள்ள கால்நடைகளை உணவுக்காக ஏற்றிச் சென்றன. குனார்ட் நிறுவனத்தின் பிரிட்டானியா (1840) கப்பலில் பாலுக்காகப் பசு ஒன்று இருந்தது. 1891 இல் ஹாம்பர்க்-அமெரிக்கா நிறுவனம், குளிர்காலத்தில் பயணிகள் குறைந்திருந்த தனது அகஸ்டா விக்டோரியா கப்பலை மத்தியதரைக் கடற் சுற்றுலாவுக்கு அனுப்பியது. இது தற்கால உல்லாசக் கப்பற் பயணத்தின் தொடக்கங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. அதே நிறுவனம் 1905 இல் அமெரிக்கா என்னும் கப்பலில், விரும்பிய உணவைத் தனிக் கட்டணத்துக்குத் தருவித்து உண்ணும் உணவகத்தை அமைத்தது. பொது உணவுக் கூடம் ஒருபுறமும் கட்டண உணவகம் மறுபுறமுமாக இன்றும் காணப்படும் பிரிவு இவ்வாறே உருவானது.

பந்தி முறை

உணவுக் கூடத்தில் எல்லாப் பயணிகளுக்கும் ஒரே நேரத்தில் இடம் இராது. எனவே இரவு உணவு இரு பந்திகளாகப் பரிமாறப்படுவது மரபு. முதற்பந்தி ஏறத்தாழ மாலை 6 மணிக்கும், இரண்டாம் பந்தி ஏறத்தாழ இரவு 8.15 மணிக்கும் தொடங்கும். பயணம் முழுவதும் ஒரே மேசையும் ஒரே பரிமாறுநரும் அமைவதால், பயணியின் விருப்பங்களையும் ஒவ்வாமைகளையும் பரிமாறுநர் நினைவில் கொள்ள முடிகிறது. துறைமுகத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தாமதமாகத் திரும்புவோருக்கு முதற்பந்தி இடர் தரும். சிறு குழந்தைகளுடன் வருவோருக்கு இரண்டாம் பந்தி பொருந்தாது.

2000 இல் நார்வீஜியன் குரூஸ் லைன் நிறுவனம், நேரமும் மேசையும் குறிக்கப்படாத முறையை அறிமுகப்படுத்தியது. பின்னர் வேறு நிறுவனங்களும் இதைப் பின்பற்றின. இம்முறையில் விரும்பிய நேரத்தில் உண்ணலாம். ஆனால் நெரிசல் வேளையில் காத்திருக்க நேரிடும்.

முன்பதிவின்போது கருதப்படுவன

* பந்தி: ஒரு பந்தி நிரம்பிவிட்டால் பயணி காத்திருப்போர் பட்டியலில் சேர்க்கப்படுவார்.
* அறையின் இடம்: கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் உள்ள அறைகளில் ஆட்டம் குறைவு. சமையற்கூடத்துக்கோ பஃபே கூடத்துக்கோ நேர் கீழே உள்ள அறைகளில் இரவிலும் விடியலிலும் ஓசை கேட்கக்கூடும். குறைந்த கட்டணத்துக்காக அறை எண்ணை நிறுவனத்தின் தெரிவுக்கு விடுவோர் இதைத் தவிர்க்க இயலாது.
* தனிப்பயணி: கட்டணம் பொதுவாக இருவர் தங்கும் அறையை அடிப்படையாகக் கொண்டது. எனவே தனியே செல்பவர் சில வேளைகளில் இருவருக்கான கட்டணத்தையே செலுத்த வேண்டியிருக்கும்.
* சிறப்பு உணவு: சைவம், ஹலால், யூத முறை உணவு, ஒவ்வாமை ஆகியவை முன்கூட்டியே தெரிவிக்கப்பட வேண்டும். கப்பல் புறப்பட்ட பின் தேவையான பொருள்களைப் பெறுவது கடினம்.

இந்தியாவில் கார்டீலியா நிறுவனம் எம்ப்ரஸ் என்னும் கப்பலைக் கொண்டு 2021 இல் மும்பையிலிருந்தும், 2022 இல் சென்னையிலிருந்தும் பயணங்களைத் தொடங்கியது. இக்கப்பலில் சைவ உணவும் சமண முறை உணவும் வழங்கப்பட்டன. 2023 இல் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இலங்கைத் துறைமுகங்களுக்கும் இது சென்றது.

கட்டணத்தில் அடங்குவனவும் அடங்காதனவும்

பொது உணவுக் கூடம், பஃபே, சாதாரண தேநீர், காப்பி, குடிநீர் ஆகியவை பொதுவாகக் கட்டணத்தில் அடங்கும். மதுவகைகள், புட்டிப் பானங்கள், சிறப்பு உணவகங்கள் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் தனியே செலுத்த வேண்டும். பல நிறுவனங்கள் பணியாளருக்கான அன்பளிப்பையும் ஒருவருக்கு நாளொன்றுக்கு இவ்வளவு எனக் கணக்கில் சேர்க்கின்றன. நால்வர் கொண்ட குடும்பம் ஏழு நாள் பயணம் செய்தால் இத்தொகை 28 மடங்காகும். எனவே இரு பயணங்களின் விலையை ஒப்பிடும்போது, விளம்பரக் கட்டணத்தை மட்டும் ஒப்பிடுவது பிழையான முடிவைத் தரக்கூடும்.

சுகாதாரம்

பலர் ஒரே இடத்தில் உண்பதால் நோரோவைரசு போன்ற தொற்றுகள் கப்பலில் விரைவாகப் பரவக்கூடும். மதுசாரக் கைத்தூய்மி இவ்வைரசுக்கு எதிராகப் போதிய பயன் தருவதில்லை. உண்பதற்கு முன் சோப்பும் நீரும் கொண்டு கைகழுவுதலே பரிந்துரைக்கப்படுகிறது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு நடுவம் 1970களில் கப்பற் சுகாதாரத் திட்டத்தைத் தொடங்கியது. இத்திட்டத்தின்படி முன்னறிவிப்பின்றி நடைபெறும் ஆய்வில் 100க்கு 85 அல்லது அதற்குக் குறைவான புள்ளிகள் பெறும் கப்பல் தேறாததாகக் கொள்ளப்படும்.

2020 பெப்ரவரியில் யோக்கோகாமாவில் தனிமைப்படுத்தப்பட்ட டயமண்ட் பிரின்சஸ் கப்பலில் இருந்த 3,711 பேருள் 712 பேருக்குக் கோவிட்-19 தொற்று ஏற்பட்டது. பயணிகள் அறைகளில் அடைபட்டிருந்தபோது, பணியாளர்கள் அறைவாயிலுக்கு உணவு கொண்டு சென்றனர். பெப்ரவரி 9 வரை தொற்று உறுதியான பணியாளர் 20 பேருள் 15 பேர் உணவுப் பிரிவைச் சேர்ந்தவர்கள்.

பணியாளர்

2006 ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2013 இல் நடைமுறைக்கு வந்தது. உடன்படிக்கை வகுத்த ஓய்வுநேர அளவின்படி, கப்பற் பணியாளருக்கு 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரமும், ஏழு நாள்களில் குறைந்தது 77 மணி நேரமும் ஓய்வு அளிக்கப்பட வேண்டும். பணிக்காலத்தில் அவர்களுக்கும் கட்டணமின்றி உணவும் குடிநீரும் வழங்குவது கப்பல் உரிமையாளரின் கடமையாகும்.